நரம்பு வலிக்கு ஊர் ஆஸ்பத்திரியிலேயே மருந்து வேண்டும்: கிழக்கின் வைத்தியர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பகுதிகளின் சுகாதார அதிகாரிகளுக்கும், ஆதார வைத்தியசாலைகளிலும் பிரதேச வைத்தியசாலைகளிலும் கடமையாற்றும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றி முடித்து ஊர் திரும்பியவர்களின் கைகளையும் கால்களையும் பற்றியது இந்த மடல். கட்டி கரைந்துவிட்டது, ரத்தப் பரிசோதனை நல்லது, மூன்று மாதத்தில் வந்து காட்டுங்கள் என்று அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். பாதம் எரிகிறது என்று நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பவர்களும் இவர்கள்தான். இந்த வலியைக் கேட்பதும், கிளினிக் கொப்பியில் எழுதுவதும், அதற்கென்றுள்ள மருந்தைக் கொடுப்பதும், மாதாமாதம் பார்ப்பதும் அவரவர் ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலையிலேயே நடக்கவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். இதற்குப் புதிய கட்டடமோ புதிய மெஷினோ தேவையில்லை என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். படித்து ஆசிரியையானேன், என் ராத்தா, அதாவது அக்கா, தறியிலேயே இருந்தவ. சாரனோ சாரியோ எதை நெய்தாலும் அவ கையில் பிசிறு வராது. மார்பகப் புற்றுநோய்க்கு அவவுக்குப் பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். அது பாதி வழி போகும்போதே விரல் நுனிகள் மரக்கத் தொடங்கிவிட்டன. இழை அறுந்தால் இரண்டு நுனியையும் பிடித்து முறுக்கி முடிச்சுப் போடுவது, நெய்கிறவர்கள் கண்ணால் பார்க்காமலே செய்கிற வேலை. இப்போது நூல் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே ராத்தாவுக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஸ்காஃபில் ஊசி குத்த மகளைக் கூப்பிடவேண்டும். பஸ்ஸில் மிச்சக்காசு வாங்கினால் ஐந்து ரூபாயா பத்து ரூபாயா என்று தடவிப் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரு நாள் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போதுதான் கண்டோம், ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் ரத்தம். “எங்க கழண்டதெண்டே தெரியாடி” என்றா.

பகலில் இப்படி மரத்துக் கிடக்கும் அதே கால்தான் இரவில் எரிகிறது. போர்வை பட்டாலே துடிக்கிறா. கரண்ட் அடித்ததுபோல் திடீரென்று ஒரு வெட்டு வெட்டும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது, பிறகு மறுபடியும். காலைச் சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு சுபஹு பாங்கு சொல்லும்வரை சுவரில் சாய்ந்திருப்பா. அவவோடு விழித்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைச் சின்ன விசயம் என்று எவரும் சொல்லக்கூடாது.

ஆனால் சொன்னார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. “கென்சருக்கு மருந்து ஏத்தினா அப்பிடித்தான் இருக்கும். உயிர் தப்பினதே பெரிய காரியமில்லையா” என்று சொல்லி, பரசிட்டமோலும் விற்றமின் குளிசையும் எழுதித் தந்தார்கள். வெளியே வரிசை நீளமாக இருந்தது, சொன்னவரும் கடுமையாகச் சொல்லவில்லை. ராத்தா அதன் பிறகு எந்த டொக்டரிடமும் காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. நன்றிகெட்டவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தா. உயிரைத் தந்த வைத்தியத்தைக் குறை சொல்வது பாவம் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள்.

கீமோ மருந்துகளில் சில நரம்பைத் தாக்குகின்றன. பக்லிடாக்சல், டொசிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஒக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்டெசொமிப் எல்லாம் அந்த வகை. முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் உணர்ச்சி நரம்பு முடிச்சுகளுக்கு, மூளைக்கு இருப்பதைப் போன்ற காப்பு இல்லை. ரத்தத்தில் வரும் மருந்து அங்கே இலகுவாகப் புகுந்துவிடுகிறது. ஆக நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும். அதனால்தான் கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது, பிறகு கைவிரலுக்கு வருகிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014 இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, இத்தகைய மருந்து எடுத்தவர்களில் கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், மூன்றாம் மாதத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகும் 30 சதவீதம் பேருக்கும் இந்த நரம்புப் பாதிப்பு இருந்திருக்கிறது. எல்லாருக்கும் வலி என்பதல்ல. சிலருக்கு மரப்பு மட்டும். ஆனாலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அரை வருடம் கழித்தும் நிற்கிற ஒன்றை “அப்பிடித்தான் இருக்கும்” என்று கடந்துபோக முடியாது.

ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதமாக வருத்துகிறது என்பதை எங்களுக்கு அண்ணன் முறையான பக்கத்து வளவுக் காக்காவிடம்தான் கண்டேன். அவர் மீன் வியாபாரி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒக்சாலிபிளாட்டின் ஏற்றிவிட்டு வந்து, இரண்டொரு நாளில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார். கை நெருப்பில் பட்டதுபோல் ஆகி, விரல்கள் கொக்கியாக மடங்கிவிட்டன. வெயிலுக்குக் குளிரான சோடா ஒரு மிடறு குடித்தபோது தொண்டை இறுகி மூச்சே நின்றுவிட்டது என்று நினைத்துக் கத்தியிருக்கிறார். அந்த மருந்து ஏற்றிய சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள்வரை குளிர் ஆகாது என்பது வைத்திய உலகம் நன்றாக அறிந்த செய்தி. ஐஸோடு மாரடிக்கிற ஒரு மனிதருக்கு அதை ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால், ஒரு சோடி ரப்பர் கையுறையோடு அல்லது ஒரு கிழமை லீவோடு முடிந்திருக்கும். சாய்ந்தமருதிலிருந்து வாழைச்சேனைவரை கடலை நம்பி வாழும் கரை இது. “என்ன தொழில் செய்றீங்க” என்ற கேள்வியை எங்கள் பக்கத்தில் கீமோ தொடங்குமுன் கட்டாயம் கேட்கவேண்டும்.

இந்த நரம்புப் பழுதை வராமல் தடுக்கும் குளிசை இன்றுவரை இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2020 இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டியும் தடுப்புக்கென்று எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. தாங்கமுடியாத அளவுக்குப் போனால் கீமோவின் அளவைக் குறைப்பது, பிந்திப் போடுவது, மாற்றுவது, நிறுத்துவது என்பவற்றை யோசிக்கச் சொல்கிறது. அப்படி யோசிக்கவேண்டுமானால் அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்னரே டொக்டருக்குத் தெரியவேண்டும். எங்கள் ஆட்களோ மறைக்கிறார்கள். “சொன்னா மருந்த நிப்பாட்டிப் போடுவாங்க, பிறகு வருத்தம் திரும்பி வந்திரும்” என்று கிளினிக் வாங்கில் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அளவைக் கொஞ்சம் குறைப்பது வேறு, சிகிச்சையைக் கைவிடுவது வேறு என்று அவர்களிடம் சொல்லவேண்டியவர்கள் நீங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: சிஸ்பிளாட்டினும் ஒக்சாலிபிளாட்டினும் நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் நரம்பு மோசமாகிக்கொண்டே போகலாம். கீமோ முடிந்துவிட்டது, இனி கால் சரியாகும் என்று காத்திருந்தவர், அது கூடிக்கொண்டே போகும்போது நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து இடிந்துபோகிறார்.

வலி வந்துவிட்ட பிறகு கொடுக்கக்கூடிய மருந்துகளுக்கு வருகிறேன். பரசிட்டமோல் இந்த வலிக்குப் பெரும்பாலும் எட்டாது. டைக்ளோபெனாக்கும் அப்படித்தான். அதைப் பாமசியில் சும்மா வாங்கி நாள்கணக்கில் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகமும் கெடலாம். சிஸ்பிளாட்டின் எடுத்தவருக்கு அது ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகம். நரம்புக்கு நல்லது என்று வாங்கும் விற்றமின் குளிசைகளிலும் கவனம் வேண்டும். பி 12 குறைவாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பி 6 ஐ அதிக அளவில் நீண்டநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நான் மேலே சொன்ன வழிகாட்டி, கீமோவால் வந்த வலிமிகுந்த நரம்புப் பாதிப்புக்குச் சான்றோடு பரிந்துரைக்கும் ஒரே மருந்து டுலொக்செட்டின். 2013 இல் வெளியான ஆய்வில் 231 பேர் சேர்ந்தார்கள். முதல் கிழமை 30 மில்லிகிராம், அடுத்த நான்கு கிழமை 60 மில்லிகிராம். டுலொக்செட்டின் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். அற்புத மருந்து என்று நான் சொல்லவரவில்லை. பத்துக்கு எட்டாக இருக்கும் வலி ஆறுக்கு இறங்கினால் ஒரு மனிதர் இரவில் தூங்குவார், அவ்வளவுதான் அதன் பெறுமதி. எங்கள் வீட்டில் அது சின்னப் பெறுமதி அல்ல. கொடுப்பதிலும் கவனம் இருக்கிறது: மார்பகப் புற்றுநோய்க்கான தமொக்சிபென் எடுக்கும் பெண்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கவேண்டும், டிரமடோல் என்ற வலிமருந்தோடு சேர்ப்பது ஆபத்தாகலாம், சடுதியாக நிறுத்தக்கூடாது. “குளிசை முடிஞ்சு, அடுத்த கிளினிக் வரைக்கும் இல்லாம இருந்தன்” என்று எங்கள் ஆட்கள் சாதாரணமாகச் சொல்லும் நாட்டில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கையிருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பினால் இந்த மருந்தில் நோயாளி வேறாகப் படாதபாடு படுவார்.

அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபாலின் என்பவை மற்ற நரம்பு வலிகளுக்கு முதல்வரிசை மருந்துகள். கீமோ நரம்புக்கு அவற்றின் சான்று மெலிந்தது என்றாலும், டுலொக்செட்டின் ஒத்துவராதவருக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் மலிவு, இரவில் சின்ன அளவு போதும், தூக்கமும் வரும். வயதானவர்களுக்கு மூத்திரம் அடைக்கும், இதயத் துடிப்பு மாறும் என்பதால் ஈசிஜி பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும். இதெல்லாம் ஓர் ஆதார வைத்தியசாலையால் முடியாத காரியமா? களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ ஈசிஜிக்குப் பஞ்சமில்லை. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவுக்கோ ஓர் இரவு முழுக்க பஸ். கால் மரத்த ஒருவருக்கு பஸ் படியே பெரிய கண்டம், படியில் கால் வைத்தோமா என்பதே தெரியாது. புற்றுநோயைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும். வலிக்குளிசைக்கு எதற்கு?

கடும் வலிக்கான மோர்பின் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிதான். புற்றுநோய் வலிக்குச் சாதாரண மருந்தில் தொடங்கி மோர்பின்வரை படிப்படியாகப் போகும் முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 1986 இல். நோவு தணிப்புப் பராமரிப்பை எல்லா நாடுகளும் பலப்படுத்தவேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014 இல் தீர்மானம் எடுத்தது. இன்னமும் எங்கள் ஊர்களில் மோர்பின் என்றால் மௌத்தாகப் போகிறவருக்குக் கொடுப்பது என்றுதான் நினைக்கிறார்கள். வீட்டாரும் பயப்படுகிறார்கள், எழுதுகிற கையும் தயங்குகிறது. நரம்பு வலிக்கு அது முதல் மருந்து இல்லை, சரி. மற்றவை தோற்று, வலி பொறுக்கமுடியாத நிலையில் இருக்கிறவருக்கு, குறிப்பாக நோயும் உடம்பில் மீதியிருக்கிறவருக்கு, வாயால் எடுக்கும் மோர்பினை அளவோடு, மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கபாபென்டினோடு சேர்க்கும்போது மூச்சு மந்தமாகலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும். அந்தக் கண்காணிப்புக்காகவேதான் ஊர் வைத்தியசாலை வேண்டும் என்கிறேன்.

இதை எங்கே வைத்துச் செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் சீனி வருத்தக் கிளினிக்கில் செய்யுங்கள். நீரிழிவும் இதே நரம்புகளை, இதே கால்விரலில் தொடங்கித்தான் கெடுக்கிறது. பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் நைலோன் இழையும் நொடிக்கு 128 தடவை அதிரும் இசைக்கவையும் அந்தக் கிளினிக்குக்கென்று உள்ள சாமான்கள். பாதப் புண்ணுக்கு மருந்து கட்டத் தெரிந்த தாதி அங்கே இருப்பா. அதே நாளில், அதே மேசையில் கீமோ முடித்த ஆட்களின் காலையும் பாருங்கள். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட பத்து அம்சக் கேள்விமுறை ஒன்று இருக்கிறது: எரிவா, வலிக்கிற குளிரா, கரண்ட் அடிப்பதா, ஊர்வதா, ஊசி குத்துவதா, மரப்பா, அரிப்பா என்று ஏழு கேட்டு, மூன்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும். பத்தில் நான்கு ஆம் என்றால் அது நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சில நிமிட வேலை. அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டால், நோயாளி புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போகும்போது வாய் திறக்கப் பயந்தாலும் கொப்பி சொல்லிவிடும்.

மருந்தைப் போலவே முக்கியமானது பாதுகாப்பு. இதைப் பொதுச் சுகாதாரத் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வீட்டுக்குப் போகும்போது சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் கால் வலி என்றால் உடனே சுடுதண்ணி ஒத்தடம்தான். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் பார்க்கவேண்டும். ஒக்சாலிபிளாட்டின் எடுக்கிறவர்கள் விடியற்காலையில் தொழுகைக்காகக் குளிர்ந்த தண்ணீரில் கை, முகம், கால் கழுவி வுளூ எடுக்கத் தேவையில்லை, சூடாக்கிய தண்ணீரில் எடுக்கலாம், தண்ணீர் தீங்கு செய்யும் நோயாளிக்குத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தயம்மும் இருக்கிறது. இதைப் பள்ளிவாசலில் கதீப்மார் ஒரு ஜும்ஆவில் சொன்னால் நூறு துண்டுப்பிரசுரத்தை விட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும்.

எங்களுக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு. திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கு எத்தனையோ பேர் நேர்த்தி வைக்கிறார்கள், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையில் நடக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் கீமோவால் கால் மரத்த ஒருவர் தீயில் இறங்கினாலோ, சுடுமணலில் நாள்கணக்கில் வெறுங்காலோடு நடந்தாலோ, காயம் வந்ததை அவர் உடம்பு அவருக்குச் சொல்லாது. கோயில் பரிபாலன சபையாரும் டொக்டர்மாரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றச் சொல்லிப் பெரியவர்களே வழிகாட்டுவார்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். வரம்பில் முள்ளும் சேற்றில் போத்தல் ஓடும் இருக்கும். பூட்ஸ் வாங்க வசதியில்லாதவருக்கு அதை வாங்கிக்கொடுப்பது எந்த ஊர்ச் சங்கத்துக்கும் பெரிய செலவில்லை.

ஆசிரியை என்பதால் பிள்ளைகளையும் சொல்லவேண்டும். ரத்தப் புற்றுநோய்க்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம் முற்றங்களில் பூக்கிற நித்தியகல்யாணியில் இருந்து எடுத்த மருந்து. எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காத்தது. ஆனால் அது கால் பாதத்தைத் தொங்கவைக்கும், விரலின் பலத்தைக் குறைக்கும், தாடையில் வலி தரும். சிகிச்சை முடித்துப் பள்ளிக்கூடம் திரும்பும் ஒரு பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுந்தால், எழுத்து கோணினால், அது சோம்பலோ குழப்படியோ இல்லை. “இந்தப் பிள்ளைக்கு எழுத நேரம் கூடத் தேவை, விளையாட்டுப் பாடத்தில் கவனம் தேவை” என்று ஒரு கடிதம் வைத்தியசாலையில் இருந்து வகுப்பாசிரியருக்கு வந்தால் போதும். பெற்றோர் சொன்னால் சிலர் நம்புவதில்லை, ஆஸ்பத்திரிக் கடிதத்தை எல்லாரும் நம்புவார்கள். பிசியோதெரபிக்கு அந்தப் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்புவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ராத்தாவுக்கு இப்போது பரவாயில்லை. வேறொரு வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடச் சொல்லி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று கேட்டு மருந்தை மாற்றினார். எரிவு குறைந்திருக்கிறது. மரப்பு போகவில்லை, அது முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னதற்காகவே ராத்தாவுக்கு அவர்மீது நம்பிக்கை வந்தது. தறியில் மகள் முடிச்சுப் போடுகிறாள், ராத்தா பக்கத்தில் இருந்து நிறம் சொல்கிறா.

நான் மேலே சொன்ன கேள்விகளை எங்கள் மக்கள் பேசுகிற பேச்சில் ஒரு பக்கத் தாளாக எழுதித் தர நானும் என்னோடு படிப்பிக்கிற சில ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். மருத்துவப் பிழை வராமல் ஒரு டொக்டர் பார்த்துத் திருத்தித் தரவேண்டும். அச்சடிக்கும் செலவை ஊரில் சேர்க்கலாம். எந்த வைத்தியசாலை முதலில் தன் கிளினிக்கில் இதற்கு ஒரு மேசை போடுகிறதோ, அந்த வைத்தியசாலைக்கு முதல் கட்டுத் தாளை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
மருதமுனையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை